அடர் பழுப்பு முட்டையிடும் மரபுக் கோழிகள்: குஞ்சு முதல் வம்சம் வரை முழுமையான வழிகாட்டி

மாரான் இனக் கோழி இட்டுச் சில நிமிடமே ஆன முட்டையை எடுத்து, ஈர விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பழுப்புச் சாயம் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். தேய்த்த இடம் வெளிறிப் போகும். முதன்முறை இதைப் பார்க்கும்போது முட்டையில் யாரோ சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றும். சாயம் பூசியது உண்மைதான். பூசியது கோழி.

ஓட்டின் மேல் அந்தப் பூச்சு எவ்வளவு கனமாக விழும் என்பதைக் கோழியின் வம்சம் தீர்மானிக்கிறது. தீவன மூட்டைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. நல்ல இடத்தில் குஞ்சு வாங்கி, அருமையாக வளர்த்து, மூன்று நான்கு தலைமுறைக்குள் சாதாரணப் பழுப்பு முட்டைக்கு வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பெட்டையை முட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், சேவலை மட்டும் இறகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் கொட்டகை, தீவனம் எல்லாவற்றையும்விடச் சேவல் தேர்வுக்கும் குறிப்பேட்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நிறம் எப்படி ஏறுகிறது

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம்போல ஓடு கட்டும் பையிலேயே கழிகிறது. முதலில் சுண்ணாம்பு படிந்து ஓடு கெட்டியாகும். பழுப்பு நிறமியின் பெயர் புரோட்டோபார்ஃபிரின். இதில் பெரும்பகுதி கடைசிச் சில மணி நேரத்தில்தான் ஓட்டின் மேற்பரப்பிலும், அதற்கு மேலே உள்ள மெல்லிய படலத்திலும் வந்து படிகிறது. எவ்வளவு அடர்ந்த முட்டையானாலும் உடைத்துப் பார்த்தால் ஓட்டின் உட்புறம் வெள்ளையாகவே இருப்பது அதனால்தான். நீல முட்டையின் கதை வேறு. அதன் நிறமியான பிலிவெர்டின் ஓட்டுக்குள்ளும் ஊறிவிடுவதால் உள்ளேயும் நீலம் தெரியும்.

இதைப் புரிந்துகொண்டால் பல கேள்விகளுக்குத் தானாகவே பதில் கிடைக்கும். ஒரு முட்டைக்கு ஒதுக்கப்படும் சாயம் ஏறக்குறைய ஓர் அளவு. சிறிய முட்டையில் அது கனமாக விழும், பெரிய முட்டையில் பரவி மெலிந்துபோகும். விடைக்கோழி, அதாவது முட்டைக்கு வரும் இளம் பெட்டை, முதலில் இடும் சிறிய முட்டைகள் கருஞ்சிவப்பாக மின்னுவதும், அதே கோழி இரண்டு மாதம் தொடர்ந்து இட்ட பிறகு ஒரு படி வெளிறுவதும் இயல்பு. இறகு உதிர்த்து ஓய்வெடுத்து மறுபடி முட்டைக்கு வரும்போது நிறமும் திரும்பி வரும், ஆனால் முதல் வருட உச்சத்தை எட்டாது. தினமும் இடும் கோழியைவிட விட்டுவிட்டு இடும் கோழியின் முட்டை அடர்ந்திருப்பதும் அடிக்கடி காணும் விஷயம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு செய்யும்போது மறுபடி வரும்.

எந்த இனம்

இந்த நிறத்துக்குப் பெயர் போனது மாரான். மாரான்ஸ் என்றும் எழுதுவார்கள். பிரான்ஸின் மேற்குக் கரையில் லா ரொஷேல் துறைமுகத்துக்கு அருகே உள்ள ஊரின் பெயர் அது. கப்பல்களில் வந்த சண்டைச் சேவல்கள் அந்தச் சதுப்புநிலப் பகுதியின் கோழிகளோடு கலந்தன. பிற்பாடு சீனாவிலிருந்து வந்த லாங்ஷான் கோழியின் இரத்தமும் சேர்ந்தது. லாங்ஷானும் பழுப்பு முட்டைக்காரிதான், கால் இறகும் அதன் கொடை. பிரான்ஸில் மாரானுக்கென்று சங்கம் உருவானது 1929இல். பிரெஞ்சு வம்சவழியில் காலின் வெளிப்புறம் இலேசான இறகு இருக்கும். இங்கிலாந்துக்குப் போன வம்சவழியில் கால் இறகைத் தவிர்த்து மொட்டைக் காலாகவே தேர்ந்தெடுத்தார்கள். கருப்பு உடலும் செம்பு நிறக் கழுத்தும் கொண்ட வகைக்கு அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது 2011இல்தான். அடர் நிறத்துக்காக அதிகம் தேடப்படுவது இந்தக் கருஞ்செம்பு வகை.

வெல்சமரும் பார்னவெல்டரும் நெதர்லாந்தின் கொடை. இரண்டுக்கும் ஊர்ப் பெயர்தான் பெயர். வெல்சமர் முட்டை சுட்ட செங்கல் நிறத்தில், பெரும்பாலும் கரும்புள்ளிகளோடு இருக்கும். குஞ்சு பொரித்த அன்றே பெட்டைக்குக் கண்ணோரக் கோடு அழுத்தமாகத் தெரிவதால் ஆண் பெண் பிரிப்பது எளிது. பார்னவெல்டரின் இரட்டைக் கரை போட்ட இறகு அழகு, ஆனால் கண்காட்சிக்காகவே வளர்க்கப்பட்ட பல வம்சவழிகளில் முட்டை நிறம் கரைந்துவிட்டது. ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த பெனதெசென்கா இன்னொரு அதிசயம். வெள்ளைக் காது மடல் உள்ள கோழி வெள்ளை முட்டையிடும் என்ற பொது வழக்கத்தை மீறி, வெள்ளை மடலோடு கரும்பழுப்பு முட்டையிடும். சுறுசுறுப்பான, வெயிலைத் தாங்கும் கோழி. கைக்குள் அடங்கிப் பழகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: மாரான், அதிலும் ஒரே நிறவகை. இரண்டு மூன்று நிறவகைகளை ஒன்றாகத் தொடங்கினால் இடமும் கவனமும் சிதறிவிடும்.

வாங்கும்போது

விற்பவரிடம் கோழியைக் காட்டச் சொல்வதற்கு முன்னால் முட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பருவத்தின் முதல் வாரத்தில் இட்ட முட்டையின் படம் போதாது, எல்லோருடைய முதல் முட்டையும் அழகாகத்தான் இருக்கும். மூன்று நான்கு மாதம் தொடர்ந்து இட்ட கோழிகளின் ஒரு வாரச் சேகரம் முழுவதையும் பார்க்க வேண்டும். பிரெஞ்சு மாரான் சங்கத்தின் நிற அட்டை 1 முதல் 9 வரை போகும், எண் கூடக் கூட நிறம் அடரும். மாரான் முட்டை என்று ஏற்க 4 தான் குறைந்தபட்சம். பருவத்தின் நடுவிலும் கூடையில் பெரும்பாலானவை 5, 6இல் நின்றால் அது நல்ல வம்சவழி. 8, 9 என்று சொல்லி ஒரே ஒரு முட்டையை மட்டும் காட்டினால் மற்ற முட்டைகளைக் கேளுங்கள்.

அடுத்த கேள்வி: “இந்தச் சேவல் எந்த நிற முட்டையிலிருந்து வந்தது?” பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

முட்டையாக வாங்கிப் பொரிக்க வைப்பது, குஞ்சாக வாங்குவது, வளர்ந்த ஜோடியாக வாங்குவது என மூன்று வழிகள். முட்டையாக வாங்கினால் குஞ்சு வெளிவரும் ஓட்டின் நிறத்தை நீங்களே பார்க்கலாம், அது பெரிய லாபம். ஆனால் பயணம் செய்த முட்டைகளில் பாதி பொரித்தால்கூடத் திருப்திப்பட வேண்டியிருக்கும். முடிந்தால் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு இடங்களிலிருந்து வாங்குங்கள். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கொட்டகை

இதில் பெரிய வித்தை இல்லை, கனமான கோழி என்பதை மறக்காமல் இருந்தால் போதும். மாரான் சேவல் 3.5 முதல் 4 கிலோ வரை வரும். உயரமான கட்டையிலிருந்து குதித்தால் பாதம் அடிபட்டு, கட்டி வைத்துச் சீழ் பிடிக்கும். உட்காரும் கட்டை தரையிலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஓரம் மழுங்கலாக இருக்கட்டும். உள்ளே கோழிக்கு 4 சதுர அடி, வெளியே மேய 10 சதுர அடியாவது தேவை. முட்டைப் பெட்டி நான்கு கோழிக்கு ஒன்று போதும், அதில் மெத்தென்ற படுக்கை கட்டாயம். ஈரமான புது முட்டை கரடான தரையில் உருண்டால் கீறல் விழும் என்பது உங்களுக்கே இப்போது தெரியும்.

கால் இறகுள்ள கோழிக்குச் சேறு எதிரி. சேறு இறகில் காய்ந்து உருண்டையாகித் தொங்கும், விரல் புண்ணாகும். கால் செதிலுக்கு அடியில் செல் பூச்சி குடியேறினால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாகும். வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவி, வாசலின் அல்லது சமையல் எண்ணெயை அழுத்தித் தடவி, சில நாளுக்கு ஒருமுறை மறுபடி செய்துவந்தால் பூச்சி மூச்சடைத்துச் சாகும்.

தீவனம்: நிறத்துக்கு அல்ல, குஞ்சுக்கு

மிளகாய்த் தூள், கீரை, சாமந்தி இதழ் எல்லாம் மஞ்சள் கருவின் நிறத்தைக் கூட்டும். ஓட்டின் நிறத்தைக் கூட்டாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நல்ல தீவனம் வேண்டியது கரு கூடுவதற்கும் குஞ்சின் பலத்துக்கும். இனப்பெருக்கக் கூட்டத்துக்கு 16 முதல் 18 சதவீதம் புரதம் உள்ள தீவனத்தை, முட்டை சேகரிக்கத் தொடங்குவதற்கு ஐந்தாறு வாரம் முன்னாலேயே கொடுக்கத் தொடங்குங்கள். இதில் வைட்டமின் பி2 குறைந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே சாகும். தப்பித்துப் பிறந்த குஞ்சுக்கும் தீவனத்தில் அது போதாவிட்டால் விரல் உள்நோக்கி மடங்கிக்கொள்ளும். தானியம் மட்டுமே போட்டு வளர்ப்பவர்களிடம் இந்தக் குறை அடிக்கடி வருகிறது. கிளிஞ்சல் தூளைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். பெட்டைகள் தேவைக்கு எடுத்துக்கொள்ளும், சேவலுக்கு அவ்வளவு சுண்ணாம்பு தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் குஞ்சுத் தீவனத்திலும் கறிக்கோழித் தீவனத்திலும் கலக்கும் நிகார்பசின் என்ற மருந்து, முட்டையிடும் கோழிக்குப் போனால் பழுப்பு ஓட்டை வெளுக்க வைக்கும். குஞ்சு பொரிக்கும் திறனையும் கெடுக்கும். மூட்டை மாறிப் போனதா என்று பாருங்கள்.

முட்டையைத் தேர்ந்தெடுத்து அடை வைத்தல்

பொரிக்க வைக்கும் முட்டை கழுவப்படாததாக, உருவம் சரியானதாக, 60 முதல் 70 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும். நிறம் அடர்ந்திருக்கிறது என்பதற்காக 50 கிராம் முட்டையை வைத்தால் அடுத்த தலைமுறையில் முட்டை சிறுத்துக்கொண்டே போகும். கூர்முனை கீழாக, 13 முதல் 16 டிகிரி குளிர்ச்சியில், ஏழு நாள்வரை சேர்க்கலாம். பத்து நாளுக்கு மேல் வேண்டாம். பயணம் செய்து வந்த முட்டையை ஒரு நாள் அசைக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு அப்புறம் அடை வையுங்கள்.

எந்தக் கோழியின் முட்டை என்று ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். சாதாரணப் பென்சில் இந்த முட்டைகளில் தெரியவே தெரியாது, வெள்ளைப் பென்சில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயம், ஆனால் இதில் தவறினால் ஒரு வருட உழைப்பு வீணாகும்.

காற்றோட்ட விசிறி உள்ள இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். நாளுக்கு மூன்று முறையாவது திருப்ப வேண்டும். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, 21ஆம் நாளை எதிர்பார்க்கலாம். இதுவரை எல்லாக் கோழி முட்டைக்கும் பொது. இனி வருவதுதான் அடர் முட்டைக்கே உரிய சிக்கல்.

முதலாவது, வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாதாரண முட்டையில் ஐந்தாம் நாளே இரத்த நாளம் சிலந்தி வலைபோலத் தெரியும். இதில் பத்தாம் நாள்வரை பொறுத்து, இருட்டறையில், பலமான குறுகிய ஒளிக்கற்றை தரும் விளக்கை அகன்ற முனையில் ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பல முட்டைகளில் காற்றறையின் விளிம்பும் அதற்குக் கீழே கருப்பும்தான் தெரியும். தெரியவில்லை என்பதற்காகக் கூமுட்டை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாற்றமோ கசிவோ இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஈரப்பதம். கனத்த மேற்பூச்சு உள்ள ஓட்டின் வழியாக நீர் மெதுவாகத்தான் வெளியேறும். மற்ற முட்டைக்கு வைக்கும் ஈரப்பதத்தையே இதற்கும் வைத்தால், 21ஆம் நாள் முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு ஈரத்தோடு ஓட்டுக்குள்ளேயே செத்துக்கிடக்கும். அதைத் திறந்து பார்ப்பது மனதைப் பிசையும். முதல் 18 நாளுக்கு 35 முதல் 40 சதவீதத்தில் தொடங்குங்கள். ஆனால் எண்ணை மட்டும் நம்பாமல் தராசை நம்புங்கள். நல்ல குஞ்சு வர, 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். 65 கிராம் முட்டை ஒன்பதாம் நாள் 61 கிராமை ஒட்டியும், 18ஆம் நாள் 57 கிராமை ஒட்டியும் இருந்தால் சரி. எடை போதுமான அளவு குறையவில்லை என்றால் தண்ணீரைக் குறையுங்கள், வேகமாகக் குறைந்தால் கூட்டுங்கள். வெளிச்சத்தில் பார்க்க முடியாத முட்டைக்குத் தராசுதான் கண். 18ஆம் நாளுக்குப் பிறகு ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றி, மூடியைத் திறக்காமல் விடுங்கள்.

பொரிக்கும் மூன்று நாளும் ஒவ்வொரு தாயின் முட்டையையும் தனித்தனி வலைக்கூடையில் வையுங்கள். குஞ்சு காய்ந்ததும் தாயின் அடையாள வளையத்தைக் காலில் போட்டுவிடலாம். கால் வளர வளர வளையத்தை மாற்ற வேண்டும், இறுகினால் கால் போய்விடும். நல்ல அடைக்கோழி கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு முட்டையை அதனிடமே விடலாம். ஈரப்பதக் கவலை எல்லாம் அதன் பாடு.

குஞ்சு முதல் விடை வரை

முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்தால் போதும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. 18 முதல் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம், சுத்தமான நீர், காய்ந்த படுக்கை இருந்தால் போதும். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல், அன்றே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மேரக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி பொரித்த முதல் நாளிலேயே போடுவது. முட்டைக் கோழித் தீவனத்தை முட்டைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்பு இளம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மாரான் மெதுவாக வளரும் கோழி. ஆறு, ஏழு மாதத்தில்தான் முதல் முட்டை. அவசரப்படுத்த வேண்டாம். வருடத்துக்கு 150 முதல் 200 முட்டை கிடைத்தால் நல்ல கோழி.

குறிப்பேடு

இங்கிருந்துதான் உண்மையான வேலை. கூட்டத்தில் எந்தக் கோழி எந்த முட்டையை இட்டது என்று தெரியாமல் தேர்வு செய்ய முடியாது. பொறிக்கூடு இருந்தால் நல்லது. அதில் கோழி உள்ளே போனதும் கதவு விழுந்துவிடும், நீங்கள் வந்து திறந்துவிட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் மாதத்தில் நான்கு நாள் ஒவ்வொரு கோழியையும் தனித்தடுப்பில் விட்டு முட்டையைப் பாருங்கள். சில வாரம் போனால் கைக்கே பழகிவிடும். ஒவ்வொரு கோழியின் முட்டைக்கும் உருவம், புள்ளி, பளபளப்பு எல்லாம் கையெழுத்துப்போல. எட்டுப் பத்துக் கோழிவரை தவறாமல் சொல்லிவிடலாம்.

முட்டையின் நிறத்தை எப்போதும் ஒரே இடத்தில், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், அட்டையோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். ஈரமான முட்டை உண்மையைவிட அடர்ந்து தெரியும், காய்ந்த பிறகு எண் கொடுங்கள். மஞ்சள் விளக்கொளியில் எல்லா முட்டையும் சாக்லேட்தான். ஒவ்வொரு கோழிக்கும் எழுத வேண்டியது: முட்டைக்கு வந்த தேதி, மாதம் ஒருமுறை ஒரு வாரத்து முட்டைகளின் நிற எண், எடை, அந்த மாதத்து எண்ணிக்கை.

முதல் மாத எண்ணுக்கு மனதைக் கொடுக்காதீர்கள். 8இல் தொடங்கி நான்காம் மாதம் 4க்கு இறங்கும் கோழி உண்டு, 6இல் தொடங்கி நான்காம் மாதமும் 6இலேயே நிற்கும் கோழியும் உண்டு. எனக்கு வேண்டியது இரண்டாவது. அதோடு எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரே முட்டை இட்டு 8 வாங்கும் கோழியை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், நான்கு தலைமுறையில் முட்டையே இடாத அழகான கூட்டம்தான் மிஞ்சும். வாரத்துக்கு நான்கு முட்டை, 65 கிராம், நான்காம் மாதம் 6: இந்தக் கோழிதான் வம்சத்துக்குத் தாய்.

சேவலை எப்படித் தெரிந்துகொள்வது

சேவல் முட்டையிடாது. ஆனால் மகளின் ஓட்டு நிறத்தில் பாதி அவனுடையது. பழுப்பு நிறத்தை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை, பல மரபணுக்கள் சேர்ந்து கூட்டுகின்றன. வெள்ளை முட்டை வம்சவழிச் சேவலை அடர் முட்டைக் கோழியோடு சேர்த்தால் மகள்கள் இரண்டுக்கும் நடுவிலான வெளிர் பழுப்பில் இடுவதை வைத்தே இதை உணரலாம். அப்படியானால் சேவலுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, தாய். நான்காம் மாதத்திலும் நிறம் நிற்கும் தாயின் மகனாக இருக்க வேண்டும். எல்லோரும் செய்வது இது.

இரண்டாவது, சகோதரிகள். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சேவல் குஞ்சுகள் நான்கு மாதத்திலேயே கூவி, சண்டை போட்டு, தீவனத்தைத் தின்று தொல்லை தருவதால் அழகான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறோம். சகோதரிகள் முட்டைக்கு வருவதோ ஏழாம் மாதம். அப்போது ஒரு குடும்பத்துப் பெட்டைகள் எல்லாம் 7ஆம் எண் நிறத்தில் முட்டை இடுகின்றன, அவற்றின் அண்ணன் தம்பி ஒருவனும் கையில் இல்லை என்று தெரியவரும். ஒவ்வொரு தாயின் பிள்ளைகளிலும் இரண்டு சேவலையாவது சகோதரிகள் மூன்று மாதம் முட்டையிடும்வரை வைத்திருங்கள். பெட்டைகள் கண்ணில் படாத தனிக் கொட்டகையில் சேவல்கள் பெரும்பாலும் சண்டையின்றி இருக்கும்.

மூன்றாவது, மகள்கள். இதுதான் கடைசித் தீர்ப்பு. சேவலை நான்கைந்து பெட்டைகளோடு விட்டு, மகள்களின் முட்டையை அவற்றின் தாய்கள் அதே வயதில், அதே மாதத்தில் இட்ட முட்டையோடு ஒப்பிடுங்கள். தாய்களின் சராசரி 6, மகள்களின் சராசரி 5 என்றால் அந்தச் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவன் நிறத்தைக் கீழே இழுக்கிறான். மகள்கள் 6ஐத் தாண்டினால் அந்தச் சேவலைக் கண்ணைப்போலக் காத்து, மூன்று நான்கு வருடம் பயன்படுத்துங்கள். ஆண்டுதோறும் புதுச் சேவலுக்குத் தாவுவது நிரூபித்த ஒன்றை விட்டுவிட்டு நிரூபிக்காததைப் பிடிப்பது.

இறகு, கண், கால் நிறம் எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பாருங்கள். உடல் பலத்தை மட்டும் முதலிலேயே பார்க்க வேண்டும்: கோணல் விரல், கோணல் அலகு, இறங்கிய வால், மந்தமான குஞ்சு எதையும் நிறத்துக்காக மன்னிக்கக் கூடாது. மனிதரைத் தாக்கும் சேவலையும் நான் வைத்துக்கொள்வதில்லை. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை போதும்.

சேவலை மாற்றும்போது பொறுமை வேண்டும். பெட்டையின் உடலில் விந்து இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு தங்கும். பழைய சேவலைப் பிரித்து நான்கு வாரம் கழித்து இட்ட முட்டையைத்தான் புதிய சேவலின் பிள்ளை என்று எழுத வேண்டும்.

மூன்று குடும்பம்

சிறிய கூட்டத்தில் அண்ணன் தங்கையையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் முதலில் பொரிப்புக் குறையும், அப்புறம் குஞ்சுகள் சோடையாகும். கூட்டத்தை மூன்று குடும்பமாகப் பிரித்துவிடுங்கள்: சிவப்பு, மஞ்சள், நீல வளையம். பிறக்கும் எல்லாக் குஞ்சுக்கும் தாயின் வளையமே. பெட்டைகள் தாயின் குடும்பத்திலேயே தங்கும். சேவல்கள் மட்டும் இடம் மாறும்: சிவப்புச் சேவல் மஞ்சள் பெட்டைகளுக்கு, மஞ்சள் சேவல் நீலத்துக்கு, நீலச் சேவல் சிவப்புக்கு. ஒவ்வொரு தலைமுறையும் இதே திசை. வெளியிலிருந்து புது இரத்தம் கொண்டுவராமல் பல வருடம் ஓட்டலாம். உறவில்லாத இரண்டு இடங்களில் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

புது இரத்தம் தேவைப்பட்டால் சேவலாகக் கொண்டுவராதீர்கள், பெட்டையாகக் கொண்டுவாருங்கள். பெட்டையின் முட்டையை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அவளை முதலில் ஒரு மாதம் தனியே வைத்துக் கவனியுங்கள். அவள் மகனை உங்கள் ஒரு குடும்பத்தில் மட்டும் விட்டு, மகள்கள் இடும்வரை மற்ற இரண்டையும் தொடாதீர்கள்.

திடீரென்று நிறம் குறைந்தால்

மெதுவாகக் குறைவது பருவத்தின் இயல்பு. ஒரே வாரத்தில் மொத்தக் கூட்டமும் வெளிறினால் ஏதோ நடந்திருக்கிறது. இரவில் விளக்கோடு போய்க் கட்டையின் அடியிலும் இடுக்கிலும் செல் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைச் செல் இரவில்தான் வந்து இரத்தம் குடிக்கும், பகலில் கோழியின் மேல் தேடினால் கிடைக்காது. கொண்டை வெளிறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். முட்டையின் மேல் வெண்பொடி தூவியதுபோல இருந்தால் கோழி பயந்து முட்டையை அடக்கி வைத்திருந்திருக்கிறது: நாய், பாம்பு, இடமாற்றம், புதுக் கோழி ஏதாவது ஒன்று. ஓடு மெலிந்து, சுருங்கி, தோல்முட்டையும் வந்து, தும்மலும் இருந்தால் மூச்சுக்குழல் நோயான தொற்று பிராங்கைட்டிஸாக இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். அதிலிருந்து மீண்டாலும் சில கோழிகளின் ஓடு பழையபடி ஆவதில்லை. ஒரே ஒரு கோழி மட்டும் வெளிறினால் அது இறகு உதிர்க்கப் போகிறது, அல்லது அதன் முட்டை பெரிதாகிவிட்டது. எடை போட்டால் தெரிந்துவிடும்.

எத்தனை வைக்க வேண்டும்

ஒரு கணக்கு சொல்கிறேன். 36 முட்டை வைத்தால் 24 குஞ்சு என்று கொள்ளுங்கள். அதில் 12 பெட்டை. நிறம், எடை, எண்ணிக்கை, உடல் நான்கும் சேர்ந்தது மூன்று அல்லது நான்குதான் தேறும். மிச்சமுள்ள பெட்டைகளும் நல்ல முட்டை தரும் கோழிகளே, வேறு வீட்டுக்குப் போகட்டும். ஆனால் உங்கள் வம்சத்தின் பெயரில் குஞ்சு எடுக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லி அனுப்புங்கள். தேறியவற்றை இரண்டாம் வருடம்வரை வைத்துப் பாருங்கள். முதல் இறகு உதிர்ப்பு முடிந்து மறுபடி முட்டைக்கு வந்து, அப்போதும் 5க்குக் கீழே இறங்காத கோழியின் முட்டைகளை முதல் வாரத்திலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள். அவளுடைய மகன்களில் ஒன்றைக்கூடச் சகோதரிகள் முட்டையிடும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.